சாருக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணா: கூடைப்பந்து உதவிப் பயிற்சியாளரின் கதை

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் செம்மைப்படுத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கூடைப்பந்து பற்றியது. ஆட்டக்காரர்களைப் பற்றியோ தலைமைப் பயிற்சியாளரைப் பற்றியோ நிறைய பேர் பேசிட்டாங்க. நான் பேசப்போவது தலைமைப் பயிற்சியாளருக்குப் பக்கத்தில், கையில் ஒரு சின்ன நோட்டோடு உட்கார்ந்திருப்பாரே, அந்த உதவிப் பயிற்சியாளரைப் பற்றி.

"பேஸ்கட்பால் அசிஸ்டன்ட் கோச் ஆகணும்னா என்ன படிக்கணும்?" தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பசங்க கேட்கிற கேள்வி இது. என்.பி.ஏ. ஆட்டங்களை மொபைலில் பார்த்து வளர்ந்த தலைமுறை. அங்கே ஒரு அணியின் பெஞ்சில் நாலைந்து பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார்கள். அது ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு, அங்கிருந்து மேலே போகலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். சரியாகத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

நம்ம ஊர் மைதானத்திலும் அந்த ஆள் இருக்கிறார். ரொம்ப காலமாகவே இருக்கிறார். ஆனால் அவரை யாரும் கோச் என்று கூப்பிடுவதில்லை. தலைமைப் பயிற்சியாளர் "சார்", இல்லைன்னா "மாஸ்டர்". இவர் "அண்ணா". பெண்கள் அணி என்றால் "அக்கா". சாருக்கு மாசச் சம்பளம் உண்டு, அது பள்ளிக்கூடமோ கல்லூரியோ கொடுப்பது. அண்ணாவுக்குப் பல இடங்களில் டீயும் பஸ் காசும்தான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய கதை. அதற்கு நாம் 1891-க்குப் போகணும், அப்புறம் சைதாப்பேட்டைக்கு வரணும்.

முதலில், அந்த நாற்காலி என்பது என்ன?

உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் பெயர் ஃபிபா. கால்பந்து ஃபிஃபா இல்லை, இது வேற. இந்த ஃபிபாவின் இன்றைய விதிப்புத்தகத்தில் "முதல் உதவிப் பயிற்சியாளர்" என்று ஒருவர் இருக்கிறார். ஆட்டம் நடக்கும்போது தலைமைப் பயிற்சியாளர் நிற்கலாம், இல்லையென்றால் இவர் நிற்கலாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்கக் கூடாது. டைம் அவுட் கேட்கும் உரிமை இவருக்கும் உண்டு. தலைமைப் பயிற்சியாளரால் தொடர முடியாமல் போனாலோ, நடுவர் அவரை வெளியேற்றினாலோ, அணி இவர் கைக்கு வரும்.

இன்னொரு விதியும் உண்டு. பெஞ்சில் இருக்கும் உதவிப் பயிற்சியாளர் கத்தி, நடுவர் டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தால், அது ஸ்கோர் ஷீட்டில் தலைமைப் பயிற்சியாளர் பெயருக்கு நேராகத்தான் ஏறும். உதவியாளர் செய்த தப்புக்குத் தனிக் கணக்கே கிடையாது. இதை நினைவில் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

கோச்சே இல்லாத ஆட்டம்

கூடைப்பந்து பிறந்த கதை பலருக்கும் தெரியும். 1891 டிசம்பர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரர் ஆசிரியர். பனிக்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் விளையாட வைக்க ஒரு ஆட்டம் வேண்டும். பீச் பழக்கூடை ரெண்டை மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். அந்த 13 விதிகளில் நடுவர்கள் உண்டு, ஆட்டக்காரர்கள் உண்டு. பயிற்சியாளர் என்று ஒருவர் கிடையாது.

அது மறதியால் விட்டுப்போனது இல்லை. ஒய்.எம்.சி.ஏ.வின் பார்வையில் விளையாட்டு என்பது ஒழுக்கத்தையும் உடலையும் வளர்க்கும் கல்வி. வெளியிலிருந்து ஒருவர் காய் நகர்த்தினால் ஆடுகிறவன் என்ன கற்றுக்கொள்வான்? நைஸ்மித் பின்னர் கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமுள்ள ஒரே கூடைப்பந்துப் பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவரேதான்: 55 வெற்றி, 60 தோல்வி.

இந்த மனப்பான்மை ரொம்ப காலம் நீடித்தது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் டைம் அவுட்டின்போது பயிற்சியாளர் ஆட்டக்காரர்களிடம் பேசலாம் என்ற அனுமதியே 1948-49 பருவத்தில்தான் வந்தது. அதாவது நாம் சுதந்திரம் வாங்கின பிறகு. பயிற்சியாளர் பேசவே அவ்வளவு காலம் ஆகியிருக்கும்போது, அவருக்கு ஒரு உதவியாளர் தேவை என்ற எண்ணம் எப்போது வந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சைதாப்பேட்டைக்கு

நைஸ்மித்தின் முதல் ஆட்டத்தில் ஆடிய மாணவர்களில் ஒருவர் டங்கன் பாட்டன். 1894-இல் இந்தியாவுக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நம்ம பக்கத்துக் கதையில் முக்கியமான பெயர் ஹாரி குரோ பக். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1919-இல் மெட்ராஸ் வந்தார். 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி என்று சொல்லப்படுவது அது. நந்தனத்தில், சைதாப்பேட்டை பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பெரிய மைதானத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீங்க. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் இதே பக்தான். 1943-இல் இறந்தார்.

பக் இங்கே உருவாக்கியது கூடைப்பந்துப் பயிற்சியாளர்களை இல்லை. அவர் உருவாக்கியது உடற்கல்வி ஆசிரியர்களை. நம்ம பாஷையில் பி.டி. மாஸ்டர், கல்லூரியில் பிசிகல் டைரக்டர். காலையில் டிரில், மத்தியானம் வாலிபால், சாயங்காலம் கூடைப்பந்து, ஜனவரியில் ஸ்போர்ட்ஸ் டே. எல்லா ஆட்டத்தையும் ஒரே ஆள் சொல்லிக்கொடுக்கணும். அந்தக் காலத்து மெட்ராஸ் மாகாணத்துக்கு அது பெரிய விஷயம். விளையாட்டு மைதானமே இல்லாத பள்ளிகளுக்கு ஒரு மனிதர் போய், சுண்ணாம்புக் கோடு போட்டு, மரக்கம்பத்தில் வளையம் மாட்டி, ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் கூடைப்பந்து பள்ளிக்கூடத்து ஆட்டமாக வேரூன்றியதற்கு இந்த மாஸ்டர்கள்தான் காரணம்.

ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. சம்பளம் ஆசிரியர் வேலைக்கு. கூடைப்பந்து அந்த வேலையின் ஒரு பகுதி. ஒரு பள்ளிக்கு ஒரு மாஸ்டர். அவருக்கு உதவியாள் தேவைப்பட்டால் சீனியர் பையன் இருக்கிறான், பழைய மாணவன் சாயங்காலம் வந்து நிற்பான். அப்படிப் பிறந்தவர்தான் நம்ம அண்ணா.

தெற்குப் புறநகரில் இது எப்படிப் பரவியது என்பதற்கு ரயில் பாதையைப் பார்த்தாலே போதும். 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு வந்தது. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதிகள். மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்ததால் மாலை நேரம் முழுக்க மைதானத்துக்குக் கிடைத்தது. 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வந்தது. சைதாப்பேட்டையில் பயிற்சி முடித்த ஒரு மாஸ்டர் கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம் என்று அதே ரயிலில் ஏறி எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம் இருந்தது. உடற்கல்வியும் உயர்கல்வியும் ஒரே தண்டவாளத்தில் ஓடிய பகுதி இது.

அங்கே நாற்காலி எப்படி வேலையானது?

இப்போ கொஞ்சம் அமெரிக்காவுக்குத் திரும்பணும். ஏன்னா, அங்கேயும் இது ஆரம்பத்திலிருந்தே இருந்த பதவி இல்லை.

பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரெட் அவர்பாக், 1950 முதல் 1966 வரை பயிற்சியாளர். ஒன்பது சாம்பியன் பட்டம். அத்தனை வருஷமும் அவருக்கு உதவிப் பயிற்சியாளரே கிடையாது. அணியின் மேலாளர் வேலையையும் அவரே பார்த்தார். அவர் விலகியதும் அணியின் நட்சத்திரம் பில் ரசல், ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்து 1968, 1969 பட்டங்களை வாங்கிக்கொடுத்தார். அன்றைக்கு என்.பி.ஏ.வே சின்னக் கடைதான். ஒரே ஆள் பல வேலை பார்த்தார், நம்ம பி.டி. மாஸ்டர் மாதிரியே.

தொலைக்காட்சிப் பணம் வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு தோல்விக்கு விலை கூடினால், அந்தத் தோல்வியைத் தவிர்க்க இன்னொரு மூளைக்குச் சம்பளம் கொடுப்பது லாபம். 1985-இல் சிகாகோ புல்ஸ் அணி டெக்ஸ் வின்ட்டர் என்ற அறுபது தாண்டிய பெரியவரை உதவிப் பயிற்சியாளராக எடுத்தது. அவர் பல ஆண்டுகளாகச் செதுக்கி, 1962-லேயே புத்தகமாக எழுதி வைத்திருந்த முக்கோண ஆட்டமுறையை அங்கே கொண்டுவந்தார். 1987-இல் ஃபில் ஜாக்சன் இன்னொரு உதவியாளராகச் சேர்ந்தார். வயதில் மிகவும் இளையவர். 1989-இல் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். வின்ட்டர் உதவியாளராகவே இருந்தார். மைக்கேல் ஜோர்டானின் ஆறு பட்டங்களும் அந்த ஆட்டமுறையில்தான் வந்தன. பிறகு லாஸ் ஏஞ்சலஸிலும் அதே ஜோடி. 2011-இல் வின்ட்டர் பெயர் நைஸ்மித் பெயரிலான புகழ் மண்டபத்தில் ஏறியது. உதவியாளராகவே இருந்துகொண்டு ஒருவர் ஆட்டத்தை மாற்றலாம் என்பதற்கு அவர் உதாரணம்.

ஏணியில் ஏறியவர்களும் உண்டு. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா. அம்மா பிலிப்பைன்ஸ் நாட்டவர். 1995-இல் மயாமி ஹீட் அணியில் வீடியோ அறையில் சேர்ந்தார். எதிரணி ஆட்டங்களின் டேப்பை வெட்டி ஒட்டுவது வேலை. அங்கிருந்து உதவிப் பயிற்சியாளர், 2008-இல் தலைமைப் பயிற்சியாளர், 2012, 2013-இல் சாம்பியன். 2014-இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி பெக்கி ஹாமன் என்ற பெண்ணை முழுநேர உதவிப் பயிற்சியாளராக எடுத்தது. சம்பளத்தோடு அந்த இடத்துக்கு முழுநேரமாக வந்த முதல் பெண் அவர். 2019-இல் சாக்ரமென்டோ கிங்ஸ் அணி ராய் ரானாவை எடுத்தது. இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து கனடாவில் பள்ளி, பல்கலைக்கழக அணிகளோடு பல ஆண்டு உழைத்தவர். அதே வருஷம் அக்டோபரில்தான் கிங்ஸ் அணி மும்பை வந்து இந்தியானா பேசர்ஸோடு ஆடியது. இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவை.

பதினாறாயிரம் டாலர்

இதையெல்லாம் கேட்டால் அங்கே எல்லாமே சொர்க்கம் மாதிரி தோணும். அப்படி இல்லை. பீட் காடெட் கதையைச் சொல்றேன், இது நம்ம நாட்டிலும் வந்து தொடுகிற கதை.

காடெட், அமெரிக்க ராணுவக் கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். பிறகு ட்யூக் பல்கலைக்கழகத்தில் மைக் ஷிஷெவ்ஸ்கிக்கு உதவியாளராகப் போனார். 1991, 1992 இரண்டு வருஷமும் ட்யூக் தேசிய சாம்பியன். அந்தச் சமயத்தில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு அணியிலும் ஒரு உதவிப் பயிற்சியாளரின் வருமானத்துக்கு உச்சவரம்பு: கல்வியாண்டுக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000. மொத்தம் 16,000. புதிதாக வரும் இளைஞர்களுக்கான தொடக்க வேலை அது என்று காரணம் சொன்னார்கள். நடைமுறையில் ஐம்பது வயது காடெட்டும் அந்தப் பட்டியலில் மாட்டினார்.

1995 ஜனவரியில் ஷிஷெவ்ஸ்கிக்கு முதுகுப் பிரச்சினை. மீதி 19 ஆட்டங்களைக் காடெட் நடத்தினார். 4 வெற்றி, 15 தோல்வி. அந்த 19-உம் காடெட்டின் கணக்கில் எழுதப்பட்டன. விதிப்புத்தகத்தில் உதவியாளரின் ஃபவுல் தலைமைப் பயிற்சியாளர் கணக்கில் ஏறும் என்று சொன்னேன், இல்லையா? வாழ்க்கையில் அது தலைகீழாக நடந்தது.

சம்பள உச்சவரம்பை எதிர்த்துப் பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள். காடெட்டும் அதில் ஒருவர். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊதியத்தை எல்லாக் கல்லூரியும் கூடிப் பேசி இப்படி அமுக்குவது சட்டவிரோதம் என்று உறுதிசெய்தது. 1999-இல் சுமார் 5.45 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. உதவிப் பயிற்சியாளர் என்பது ஒரு தொழில், அதற்குச் சந்தை விலை உண்டு என்று நீதிமன்றம் வரை போய் நிலைநாட்டியவர்கள் அவர்கள்.

அதே காடெட் 2011-இல் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ஆண்கள் அணிக்கு வந்தவர் கென்னி நாட். யூட்டா ஜாஸ், கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணிகளில் பல வருஷம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அவருக்கு அடுத்து 2012-இல் வந்த ஸ்காட் ஃபிளெமிங்கும் என்.பி.ஏ.வின் இரண்டாம் நிலை லீகில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்தான். நம்ம நாட்டில் சம்பளமே இல்லாத ஒரு நாற்காலி, வேறு நாட்டில் ஆட்களைத் தயார்செய்து நமக்குத் தலைமைப் பயிற்சியாளர்களாக அனுப்பி வைத்திருக்கிறது!

இங்கே யார் சம்பளம் கொடுத்தார்கள்?

நம்ம ஊரிலும் கூடைப்பந்துக்குப் பணம் வந்தது. ஆனால் டிக்கெட்டிலிருந்தோ டி.வி.யிலிருந்தோ வரவில்லை. ரயில்வேயிலிருந்து வந்தது, வங்கிகளிலிருந்து வந்தது. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் ஆபீஸ், டோர்னமென்ட் வந்தால் ஆன்-டியூட்டி. முப்பது முப்பத்தைந்து வயதில் ஆட்டம் முடிந்தால் அதே ஆபீஸில் வேலை தொடரும், பென்ஷனும் உண்டு. ஆட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. ஒரு நடுத்தரக் குடும்பத்து அப்பா தன் பையனை மைதானத்துக்கு அனுப்பச் சம்மதித்ததே இந்தக் கோட்டாவை நம்பித்தான்.

சென்னையின் அனிதா பால்துரையை எடுத்துக்கோங்க. தெற்கு ரயில்வே ஆட்டக்காரர். 19 வயதில் இந்திய அணியின் கேப்டன். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் தொடர்கள். 2021-க்கான பத்மஸ்ரீ. நம்ம ஊர்ப் பெண் கூடைப்பந்தை இத்தனை வருஷம் விடாமல் ஆட முடிந்ததற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. ரயில்வே வேலை என்ற தரையும் இருக்கிறது.

இந்த முறையில் பயிற்சியாளர் எங்கிருந்து வருவார்? அதே அணியில் ஆடி ஓய்ந்தவர்களிடமிருந்து. சீனியர் ஒருவர் கோச், இன்னொருவர் மேனேஜர். இருவருக்குமே சம்பளம் வருவது கிளார்க், இன்ஸ்பெக்டர், ஆபீசர் என்ற பதவிப் பெயரில். முறையான பயிற்சி வேண்டுமென்றால் 1961-இல் தொடங்கிய பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் உண்டு. "என்.ஐ.எஸ். முடிச்சவர்" என்றால் இன்றைக்கும் மைதானத்தில் தனி மரியாதை. ஆனால் அந்த டிப்ளமோ ஒருவரைக் கோச் ஆக்கும், கோச் வேலையை உருவாக்காது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அமைந்தது 1950-இல். பல நாடுகள் புறக்கணித்த 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி ஆடியது, 12 அணிகளில் 12-ஆவது இடம். அதற்குப் பிறகு ஒலிம்பிக் பக்கம் போகவில்லை. 2009-இல் பெண்களுக்கான ஆசிய சாம்பியன்ஷிப் சென்னையிலேயே நடந்தது. கூட்டம் வந்தது, போனது. இரண்டாவது நாற்காலிக்குச் சம்பளப் பட்டியல் மட்டும் வரவில்லை.

இன்றைய தாம்பரத்தில் ஒரு அண்ணாவின் பாதை

சரி, இப்போ அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். இன்றைக்குத் தாம்பரத்தில் இருபது வயது ஆட்டக்காரர் ஒருவருக்கு உதவிப் பயிற்சியாளர் ஆக ஆசை. பாதை எப்படி இருக்கும்?

முதல் படி, கல்லூரி. ஜி.எஸ்.டி. ரோடும் ஓ.எம்.ஆரும் சுற்றியுள்ள தனியார் பல்கலைக்கழகங்கள், பொறியியல் கல்லூரிகள் இன்று நல்ல ஆட்டக்காரர்களுக்குக் கட்டணம் இல்லாமலோ குறைத்தோ இடம் கொடுக்கின்றன. ஒரு காலத்தில் ரயில்வே செய்ததில் ஒரு பங்கை இவை செய்கின்றன. நாலு வருஷம்தான், அதற்கு மேல் இல்லை.

இரண்டாவது, தகுதி. பி.பி.எட்., எம்.பி.எட். படிக்க நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. இருக்கிறது. வண்டலூர் தாண்டி மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கிளம்பினால் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. பக் தொடங்கிய கல்லூரியும் அரசு தொடங்கிய பல்கலைக்கழகமும் நம்ம வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. பிறகு பட்டியாலா டிப்ளமோ, அல்லது ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு. இதோடு இன்றைக்கு வீடியோ வெட்டத் தெரியணும், உடல் தகுதிப் பயிற்சி தெரியணும். ஸ்போல்ஸ்ட்ரா உட்கார்ந்த வீடியோ அறை இப்போ ஒரு லேப்டாப்பில் அடங்கிவிட்டது. அதனால் இந்த ஒரு வழி மட்டும் முன்னைவிடச் சுலபம்.

மூன்றாவது படியில்தான் ஏணி ஆடும். தனியார் பள்ளியில் பி.டி. ஆசிரியர் வேலை, காலையும் மாலையும் அகாடமியில் பகுதிநேரக் கோச், வார இறுதியில் நடுவர் வேலை. மூன்றையும் சேர்த்தால்தான் வீட்டு வாடகை. யாருடைய அணியில் "அண்ணா"வாக நிற்கிறாரோ, அங்கே கிடைப்பது அனுபவம். காலை ஆறு மணிக்கு மைதானம், எட்டரைக்குப் பள்ளி அசெம்பிளி, மறுபடி மாலை நாலரைக்கு மைதானம். மழைக்காலத்தில் மேற்கூரை இல்லாத மைதானத்தில் பயிற்சி ரத்தானால் அன்றைய பகுதிநேரப் பணமும் ரத்து.

"லீக் வந்துடுச்சே சார்" என்பார்கள். உண்மைதான். 2015-இல் யு.பி.ஏ. லீக் வந்தது, சென்னை ஸ்லாம் அணி ஆடியது. 2017-க்குப் பிறகு அது தொடரவில்லை. 2022-இல் ஐ.என்.பி.எல். வந்தது, சென்னை ஹீட் அணி வந்தது. இவற்றில் உதவிப் பயிற்சியாளர் என்ற பதவி பெயரோடும் பணத்தோடும் இருப்பது நல்ல மாற்றம். ஆனால் லீக் நடப்பது வருஷத்தில் சில வாரம், சில மாதம். மீதிக் காலத்துக்கு அவருக்கு இன்னொரு வேலை வேண்டும். அந்த இன்னொரு வேலை, நூறு வருஷத்துக்கு முன் பக் உருவாக்கிய அதே பி.டி. மாஸ்டர் வேலைதான்.

இருபத்தெட்டு, முப்பது வயது. கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும். "பையன் என்ன பண்றார்?" என்ற கேள்விக்கு "பேஸ்கட்பால் அசிஸ்டன்ட் கோச்" என்று சொன்னால், "அது சரி, வேலை என்ன பண்றார்?" என்று மறுபடி கேட்பார்கள். அப்போது டெலிவரி கம்பெனியோ, ஐ.டி. பார்க்கில் அட்மின் வேலையோ, வெளிநாட்டில் ஜிம் வேலையோ வரும், போய்விடுவார். பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் சீக்கிரம் வருகிறது. மைதானத்துக்கு நஷ்டம் என்னன்னா, பத்து வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அவரோடு போய்விடுகிறது. எந்தப் பையனுக்கு இடது கை வராது, யாருக்கு முழங்கால் வலி இருந்தும் சொல்ல மாட்டான், எந்தப் பொண்ணு வீட்டில் அனுமதி இல்லாமல் வருகிறாள், இதெல்லாம் அண்ணாவுக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். சாருக்கு நாற்பது பிள்ளைகள், ஐந்து விளையாட்டு, போதாக்குறைக்குப் பரீட்சை டியூட்டி.

எனக்குப் பட்டதைச் சொல்லி முடிக்கிறேன். தொழில்முறை லீக் வளர்ந்து தானாக எல்லாம் சரியாகும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இந்தப் பதவி வேலையாக மாறியது, யாரோ ஒருவர் இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தீர்மானித்தபோது. அது போதாதபோது அந்த ஆட்களே சேர்ந்து கேட்டார்கள். நம்ம பகுதியில் கூடைப்பந்து அணிக்காக வருஷா வருஷம் சீட் கொடுக்கும் கல்லூரிகள் எத்தனையோ இருக்கின்றன. பன்னிரண்டு ஆட்டக்காரர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் நிர்வாகம், பதின்மூன்றாவதாக ஒரு உதவிப் பயிற்சியாளருக்கு நியமன ஆணை கொடுக்க முடியும். பதவிப் பெயரும் மாசச் சம்பளமும் பி.எஃப். பிடித்தமும் உள்ள ஆணை. 2021-இல் மாநகராட்சியான தாம்பரம், தன் பூங்காக்களில் உள்ள மைதானங்களுக்குப் பராமரிப்பு ஆள் போடுகிற மாதிரியே பயிற்சிக்கும் ஆள் போடலாம். பெரிய செலவு இல்லை இது.

அதுவரை, உங்க ஊர் மைதானத்தில் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த அண்ணாவிடம் ஒரு கேள்வி கேளுங்க. "எத்தனை வருஷமா வர்றீங்க, என்ன தர்றாங்க?" பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்க, பெயர் போட வேண்டாம். அடுத்த எபிசோடில் நடுவர்களைப் பற்றிப் பேசுவோம். அவங்க கதையும் கிட்டத்தட்ட இதேதான்.